செல்வர் ஆட்சியை நாடுவதேன்? – மெடிச்சிக் குடும்ப வரலாறு காட்டும் விடை

பொருளும் ஆட்சியும் மக்கள் வாழ்விலே இணைந்து நிற்கும் இரு பேராற்றல்கள். அரசியலையும் பொருளீட்டலையும் பொருட்பால் என்னும் ஒரே பகுதியுள் வள்ளுவர் அடக்கிக் கூறியமை இவ்விணைப்பை நன்கு உணர்த்தும். ஆயினும், இவற்றுள் ஒன்றை நிரம்பப் பெற்ற ஒருவன் மற்றதையும் நாடிச் செல்வது எதன் பொருட்டு என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. வறியவன் ஒருவன் பதவியை விரும்பினால், அதனால் வரும் ஊதியத்தையும் மதிப்பையும் விரும்பினான் எனலாம். உண்ணவும் உடுக்கவும் பிறர்க்கு ஈயவும் வேண்டியதினும் பன்மடங்கு பொருள் படைத்தவன், தன் உறக்கத்தை இழந்தும் சில வேளைகளில் உயிரையே பணயமாக வைத்தும் ஆட்சியைத் தேடுவானேன்? பேராசை என ஒரே சொல்லில் விடை கூறி அமைவார் உளர். நாட்டுக்குத் தொண்டாற்றும் விருப்பம் எனப் புகழ்ந்துரைப்பாரும் உளர். இரு சாரார் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு; முழு உண்மை எதனிலும் இல்லை.

இவ்வினாவை ஆராய்வதற்கு இத்தாலி தேசத்துப் புளோரன்சு நகரில் வாழ்ந்த மெடிச்சிக் குடும்பத்தின் வரலாறு மிகவும் பொருத்தமானது. அக்குடும்பத்தார் அரச மரபினரல்லர், படைத்தலைவருமல்லர், வங்கித் தொழிலாற் பொருளீட்டிய வணிகர். அவ்வணிகர் இரண்டு தலைமுறைக்குள் ஒரு குடியரசைத் தம் விருப்பப்படி நடத்தும் நிலையை எய்தினர். அவர்களுடைய வங்கிக் கணக்கேடுகள் பலவும், வரிக்கணக்குகளும், தம் செயல்களைப்பற்றி அவர்களே எழுதிவைத்த குறிப்புக்களும் இன்றும் உள்ளன. ஆகவே, செல்வன் ஒருவன் ஆட்சியை நாடியபோது அவனைத் தூண்டியது யாது என்பதை வெறும் ஊகத்தாலன்றிச் சான்று கொண்டே ஓரளவு அறிதல் கூடும்.

நகரும் அதன் யாப்பும்

ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த புளோரன்சு நகர், மன்னனில்லாத குடியரசாக விளங்கியது. கம்பளி நெசவும் வங்கித் தொழிலும் அதன் இரு கண்கள். 1252ஆம் ஆண்டில் அந்நகர் வெளியிட்ட புளோரின் என்னும் பொற்காசு, ஏறத்தாழ மூன்றரைக் கிராம் பொன் கொண்டதாய், ஐரோப்பா முழுவதும் நம்பிக்கையுடன் ஏற்கப்பட்டது. நகரை ஆள்வதற்கு ஒன்பதின்மர் கொண்ட சிஞ்ஞோரியா என்னும் குழு இருந்தது. எண்மர் அதன் உறுப்பினர். ஒன்பதாமவன் நீதியின் கொடிதாங்கி எனப்பட்ட தலைவன். இவர்களுடைய பதவிக்காலம் இரண்டே மாதம். தகுதியுடையோர் பெயர்கள் தோற்பைகளில் இடப்பட்டு, முறை வந்தபோது குலுக்கி எடுக்கப்பட்டன. பராந்தக சோழன் காலத்தில் 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை முறையை இஃது ஒருவாறு ஒத்தது. கணக்குக் காட்டாதாரை உத்தரமேரூர்ச் சபை விலக்கியதுபோல, வரி நிலுவை உடையாரைப் புளோரன்சு விலக்கியது. ஒருவனும் நிலைத்த தலைவனாகிவிடலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம்.

நோக்கம் நன்றாயினும், வரி விதிக்கும் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. குடிகள் ஒவ்வொருவரும் தத்தம் உடைமையை எழுதிக் கொடுக்கும் கணக்குமுறை 1427ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு முன்னர், போர்ச் செலவுக்குப் பணம் வேண்டியபோதெல்லாம் மதிப்பீட்டுக் குழுவினர் கூடி இன்னார் இவ்வளவு தரவேண்டும் என முடிவு செய்தனர். குழுவில் இருப்பவன் நண்பனாயின் சுமை குறைந்தது; பகைவனாயின் மிகுந்தது. மிகுந்த வரியைக் கட்டமுடியாதவன் நிலுவைக்காரனானான்; நிலுவைக்காரன் பதவிக்குத் தகுதியிழந்தான்; பதவியில் இல்லாதவன் அடுத்த மதிப்பீட்டிலும் அடிபட்டான். செல்வமுடையவன் ஆட்சிக்குப் புறத்தே நிற்பின் அவன் செல்வம் பிறர் கையில் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இதனோடு, வணிகனுடைய செல்வத்தின் இயல்பையும் நோக்கவேண்டும். உழவனுடைய நிலம் கண்ணுக்குத் தெரிவது, எளிதில் மறையாதது. வங்கியாளன் செல்வத்தின் பெரும்பகுதி ஏட்டில் எழுதப்பட்ட கடன். கடன்பட்டவன் திருப்பிக் கொடுக்குமளவுமே அது செல்வம். மெடிச்சிகளுக்கு முன்னர்ப் புளோரன்சின் பெருவங்கியாளராய் விளங்கிய பெரூசிக் குடும்பம் 1343ஆம் ஆண்டிலும் பார்டிக் குடும்பம் 1346ஆம் ஆண்டிலும் முறிந்தன. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வேட் தான் பட்ட கடனைத் தீர்க்காமை அம்முறிவின் முக்கிய காரணங்களுள் ஒன்று. மன்னன்மீது வழக்குத் தொடுக்க எந்த மன்றம் உண்டு? வாளில்லாத பொருள் வாளுடையான் முன் எத்துணை வலிமையற்றது என்பதைப் புளோரன்சு வணிகர் அன்றே கற்றனர்.

ஒதுங்கி நின்ற தந்தை

மெடிச்சிக் குடும்பத்தின் பெருஞ்செல்வத்துக்கு அடிகோலியவன் ஜியோவானி. அவன் 1397ஆம் ஆண்டில் தன் வங்கியின் தலைமை நிலையத்தைப் புளோரன்சில் நிறுவினான். உரோமாபுரியிலே பாப்பரசரின் வருவாயைக் கையாளும் உரிமையே அவன் வங்கியின் உயிர்நாடி. 1397ஆம் ஆண்டு முதல் 1420ஆம் ஆண்டு வரை வங்கி ஈட்டிய ஏறத்தாழ 150,000 புளோரின் இலாபத்திற் பாதிக்குமேல் உரோமாபுரிக் கிளையிலிருந்தே வந்தது. 1429ஆம் ஆண்டில் ஜியோவானி இறந்தபோது ஏறத்தாழ 180,000 புளோரின் விட்டுச் சென்றான்.

இத்துணைச் செல்வம் படைத்த ஜியோவானி ஆட்சியை விரும்பித் தேடினானல்லன். 1421ஆம் ஆண்டிற் கொடிதாங்கிப் பதவி தன்னை நாடி வந்தபோது ஏற்றான். மற்றைய வேளைகளில் அடங்கியே வாழ்ந்தான். அவனுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1378ஆம் ஆண்டிற் கம்பளித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்த காலத்தில், அக்குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த சல்வெஸ்திரோ மெடிச்சி உயர்குடியினரை எதிர்த்து நின்றான். கிளர்ச்சி அடங்கியபின் ஆட்சியைக் கைப்பற்றிய உயர்குடியினர் மெடிச்சி என்னும் பெயரையே ஐயத்துடன் நோக்கினர். ஜியோவானி தன் மரணப் படுக்கையில், ஆட்சிமன்றத்தைத் தேடிச் செல்லாதீர், அழைத்தால் மட்டும் செல்லுமின் என்னும் கருத்துப்படப் புதல்வர்க்கு அறிவுரை கூறினானென மாக்கியவெல்லி தமது புளோரன்சு வரலாற்றில் எழுதியுள்ளார். அச்சொற்கள் அவ்வண்ணமே கூறப்பட்டனவோ இல்லையோ, ஜியோவானியின் வாழ்க்கை அவற்றுக்கு இயைந்ததாகவே இருந்தது. செல்வர் அனைவரும் இயல்பாகவே ஆட்சியை நாடுவர் என்பது உண்மையன்று என்பதற்கு இவன் ஒரு சான்று.

கோபுரச் சிறை

தந்தையின் அடக்கம் மைந்தனைக் காக்கவில்லை. 1389ஆம் ஆண்டிற் பிறந்த கொசிமோ, வங்கியை மேலும் வளர்த்தான். அந்நாளில் நகரின் ஆட்சி அல்பிற்சிக் குடும்பத்தையும் அதனைச் சார்ந்த உயர்குடியினரையும் சேர்ந்திருந்தது. லூக்கா நகர்மீது 1429ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய போர் தோல்வியில் முடிந்து, கருவூலத்தை வெறுமையாக்கியது. அரசுக்குக் கடன் கொடுத்தும் எளியவர்க்கு உதவியும் வந்த கொசிமோவின் செல்வாக்கு, அவன் பதவியொன்றிலும் இல்லாதிருந்தபோதும் ஓங்கியது. ஆட்சியாளர்க்கு அதுவே குற்றமாயிற்று.

1433ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரினால்டோ அல்பிற்சியின் கட்சியைச் சேர்ந்த பெர்னார்டோ குவதானி என்பவன் கொடிதாங்கியானான். அவன் வரி நிலுவையினாற் பதவிக்குத் தகுதியற்றிருந்தான் என்றும், ரினால்டோவே அந்நிலுவையைக் கட்டி அவனைத் தகுதியுடையவனாக்கினான் என்றும் மாக்கியவெல்லி கூறுவர். அம்மாதம் 7ஆம் நாள் கொசிமோ ஆட்சி மாளிகைக்கு அழைக்கப்பட்டான். சென்றவனை மாளிகைக் கோபுரத்தின் சிற்றறை ஒன்றில் அடைத்தனர். நஞ்சிடுவர் என்னும் அச்சத்தால் அவன் நான்கு நாள் பெரும்பாலும் உண்ணாதிருந்தானென்பர். மரணதண்டனை விதிக்கவேண்டுமென்று சிலர் வற்புறுத்தினர்.

அவனை மீட்டதும் அவன் செல்வமே. சிறையிலிருந்தவாறே குவதானிக்கு 1,000 புளோரின் சேரும்படி கொசிமோ செய்தான். தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. இதுபற்றிக் கொசிமோ பின்னர் எழுதிவைத்த குறிப்பு சிந்தித்தற்குரியது. அம்மனிதர் துணிவற்றவர்; கேட்டிருந்தால் தன் உயிர் பிழைத்தற்காகப் பத்தாயிரமோ அதனினும் மிகுதியாகவோ கொடுத்திருப்பேன் என்பது அதன் கருத்து. வணிகன் ஒருவன் தன் உயிரின் விலையைக் கணக்கிட்ட இவ்விடத்திலேதான் அவன் அரசியல்வாதியாக மாறினான் எனலாம். பொருள் ஒருமுறை உயிரைக் காத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் பேராசைக்காரனான கொடிதாங்கி ஒருவனே வாய்ப்பான் என்பது என்ன நிச்சயம்? கோபுரத்தில் அடைக்கப்படுபவனாக இருப்பதினும் கோபுரத்தின் திறவுகோலை வைத்திருப்பவனாக இருத்தலே நன்று என அவன் முடிவு செய்தான்.

முன்னெச்சரிக்கையாகப் பணத்தின் ஒரு பகுதியை மடங்களிலும் வெளிநகர்க் கிளைகளிலும் சேர்த்துவைத்திருந்தமையால் அவனுடைய வங்கி அழியவில்லை. பாதுவாவிலும் பின்னர் வெனிசிலும் அவன் மதிப்புடன் வாழ்ந்தான். புளோரன்சோ பணமின்றித் தவித்தது. அடுத்த ஆண்டு குலுக்கலில் மெடிச்சி சார்பினர் சிஞ்ஞோரியாவில் இடம்பெற்றனர். 1434ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கொசிமோ நகருக்குத் திரும்பினான். ரினால்டோவும் அவன் சார்பினர் பலரும் நாடுகடத்தப்பட்டனர்.

ஆட்சியை நாடாத செல்வன்

கொசிமோ கற்ற பாடம் மெய்யானதா, வெறும் அச்சத்தின் விளைவா என்பதை அறிய, அதே நகரில் வாழ்ந்த மற்றொரு செல்வனின் கதையை நோக்கலாம். 1427ஆம் ஆண்டு வரிக்கணக்கின்படி புளோரன்சின் முதற்பெருஞ் செல்வன் பல்லா ஸ்திரோற்சி என்பவன். கிரேக்க மொழிக் கல்வியிலும் நூல்களைத் தொகுப்பதிலும் பேரார்வம் கொண்டிருந்தான். 1434ஆம் ஆண்டில் ரினால்டோ ஆயுதம் தாங்கியோரைத் திரட்டித் தன்னுடன் சேருமாறு அழைத்தபோது, பல்லா படையுடன் வந்து துணைநிற்கவில்லை. கொசிமோவுக்கு அவன் கொடும்பகைவனுமல்லன். எனினும், வெற்றி பெற்றோர் அவனையும் பத்தாண்டுக்கு நாடுகடத்தினர். காலம் முடிவடைய முடிவடையத் தண்டனை புதுப்பிக்கப்பட்டது. தொண்ணூறு வயதளவில், 1462ஆம் ஆண்டிற் பாதுவா நகரிலேயே அவன் உயிர் நீத்தான்.

பல்லா செய்த குற்றம் செல்வனாயிருந்தமையும், அச்செல்வத்தைக் காக்கும் வலிமை அற்றிருந்தமையுமே. ஒதுங்கி வாழும் செல்வனை ஆளுங்கட்சி நம்புவதில்லை. அவன் பணம் நாளை எவர் கைக்கு ஆயுதமாகும் என்பதை அறியமுடியாதன்றோ? நீதி கட்சிக்கு அடிமையாகும் நாட்டில் செல்வனுக்கு நடுநிலை என்பதொன்றில்லை என்னும் கசப்பான உண்மையைப் பல்லாவின் வாழ்வு காட்டுகின்றது.

மறைந்திருந்து ஆளுதல்

திரும்பி வந்த கொசிமோ முடி சூடவில்லை. யாப்பை வெளிப்படையாக மாற்றவுமில்லை. முப்பது ஆண்டுக் காலத்தில் 1435, 1439, 1445 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை மட்டுமே, ஒவ்வொரு முறையும் இரண்டு மாதம், கொடிதாங்கிப் பதவி வகித்தான். உண்மையான அதிகாரம் பெயர்ப்பைகளில் இருந்தது. பைகளில் எவர் பெயர் இடுவது என்பதைத் தீர்மானிக்கும் அலுவலர் அவன் நண்பராயினர். குலுக்கல் தொடர்ந்து நடைபெற்றது. ஆனால் வேண்டியவர் பெயர்கள் சிலவே பையில் இருந்தன. குடியரசின் உடல் நின்றது, உயிர் இடம்பெயர்ந்தது.

தன்னை வருத்திய வரியையே கொசிமோ பிறர்மேல் ஏவினான். வேறு தலைவர்கள் குத்துவாளைக் கொண்டு செய்வதை அவன் வரியைக் கொண்டு செய்தான் என்னும் கருத்தைப் பின்வந்த வரலாற்றாசிரியர் குவிச்சியார்டினி வெளியிட்டுள்ளார். பேரறிஞரும் செல்வந்தருமான ஜியானோற்சோ மனெத்தி என்பவர் வரிச்சுமை தாங்கமாட்டாது 1453ஆம் ஆண்டில் நகரைவிட்டு நீங்கினார். அச்சத்தினின்று தப்புதற்காக ஆட்சியைப் பெற்றவன் அதே அச்சத்தைப் பிறர்க்கு ஊட்டியே அதை நிலைநிறுத்த வேண்டியதாயிற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அச்சம் ஒன்றே கொசிமோவை இயக்கியது என்று கூறுதலும் பொருந்தாது. நற்பெயரும் மனச்சான்றும் அவனை உந்தின. வட்டி வாங்குதல் பாவமென அந்நாளையத் திருச்சபை கற்பித்தது. நாணய மாற்று உண்டியல்கள் என்னும் போர்வையில் வட்டி மறைக்கப்பட்டபோதிலும், வங்கியாளன் மனத்தில் முள்ளொன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. முறைதவறி வந்த பொருளைப்பற்றிக் கவலைகொண்ட கொசிமோ, பாப்பரசர் நான்காம் யூஜீனியசிடம் வழி கேட்டானென்றும், சான் மார்க்கோ மடத்தைப் புதுக்குதற்குப் பதினாயிரம் புளோரின் செலவிடுமாறு அவர் கூற, நாற்பதினாயிரத்துக்கு மேல் செலவிட்டானென்றும் அக்காலத்துப் புத்தக வணிகரான வெஸ்பாசியானோ எழுதியுள்ளார். அம்மடத்தில் அமைந்த நூலகம் கற்றோர்க்குத் திறந்துவிடப்பட்டது. பணத்தால் வந்த பழியைப் பொதுப்பணியாற் கழுவுதல் செல்வர்க்கு இயல்பான வேட்கை. அப்பொதுப்பணி மக்கள் நன்றியைத் தேடித்தருகின்றது, நன்றி செல்வாக்காகின்றது, செல்வாக்கு ஆட்சியாகின்றது. இவற்றுள் அறம் எங்கே முடிகின்றது, அரசியல் எங்கே தொடங்குகின்றது என்று எல்லைக்கோடு இடுதல் அரிது. ஒருவேளை கொசிமோவுக்கே அது தெரிந்திராது.

அவன் அழுக்காற்றுக்கு அஞ்சியவன். தன் மாளிகைக்குப் புரூனெலெஸ்கி வரைந்த பேரழகான அமைப்பை மிகப் பகட்டானதென மறுத்து, மிக்கெலோற்சோவின் அடக்கமான அமைப்பை ஏற்றானென வசாரி கூறுவர். 1464ஆம் ஆண்டில் அவன் இறந்தபின், நகரமன்றம் அவனுக்கு ‘நாட்டின் தந்தை’ என்னும் பட்டம் அளித்தது.

பேரனின் வாக்குமூலம்

கொசிமோவுக்குப்பின் அவன் மகன் பியேரோ ஐந்து ஆண்டு தலைமை வகித்து, 1469ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இறந்தான். மூத்த மைந்தன் லொரென்சோவுக்கு அப்போது வயது இருபது. தந்தை இறந்த இரண்டாம் நாள் நகரின் முக்கியஸ்தர் அவன் இல்லத்துக்கு வந்து, பாட்டனும் தந்தையும் வகித்த பொறுப்பை ஏற்குமாறு வேண்டினர். அதனை மனமின்றியே ஏற்றதாகவும், நண்பரையும் உடைமையையும் காத்தற்காகவே ஏற்றதாகவும், ஆட்சியிற் பங்கில்லாத செல்வன் புளோரன்சில் வாழ்தல் அரிதென்றும் லொரென்சோ தன் குறிப்பேட்டில் எழுதினான். செல்வர் ஆட்சியை நாடுவதேன் என்னும் வினாவுக்குச் செல்வன் ஒருவனே எழுதிவைத்த விடை இது.

இவ்வாக்குமூலத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் வரலாற்று மாணவர்க்கு முறையன்று. மனமின்றி ஏற்றதாகக் கூறும் அவ்விளைஞன், அந்நாள்களிலேயே மிலான் கோமகனுக்குக் கடிதம் விடுத்து அவனுடைய ஆதரவைக் கோரினான். பதவி வேண்டாதவன் அதற்கு அயலரசின் துணையைத் தேடான். ஆயினும் கூற்று முழுவதும் பொய்யுமன்று. லொரென்சோ ஒரு தனிமனிதனாக இல்லை. மெடிச்சிப் பெயரை நம்பி வரிச்சலுகை பெற்றோர், அலுவல் பெற்றோர், மகளிர்க்கு மணம் பேசியோர் எனப் பல நூறு குடும்பங்கள் அவன் பின்னால் நின்றன. தலைவன் விலகினால் அவர்கள் அனைவரும் வீழ்வர். ஆட்சியில் ஏறுவது ஒருவன் விருப்பமாயிருக்கலாம். இறங்குவது அவன் விருப்பத்தின்பாற்பட்டதன்று.

அதே குறிப்பேட்டில் மற்றொரு கணக்கும் உண்டு. 1434ஆம் ஆண்டு முதல் 1471ஆம் ஆண்டு வரை கட்டடங்கள், தருமங்கள், வரிகள் ஆகியவற்றுக்குக் குடும்பம் செலவிட்ட தொகை 663,755 புளோரின் என்கின்றான் லொரென்சோ. அப்பணத்தின் ஒரு பகுதியேனும் பையில் இருந்திருந்தால் நன்றெனப் பலர் கருதக்கூடுமாயினும், தான் அதற்காக வருந்தவில்லை என்றும் கூறுகின்றான். கொள்ளுப்பாட்டன் ஜியோவானி விட்டுச் சென்ற சொத்தினும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட தொகை அது. தலைமையின் விலை அவ்வளவு.

வேலி பயிரை மேய்ந்தது

ஆட்சியிலுள்ள செல்வனைக் கண்டு ஆட்சியில் இல்லாத செல்வன் அஞ்சுதல் இயல்பு. முன்னர் அல்பிற்சிகளுக்கு முன் கொசிமோ நின்ற இடத்தில் இப்போது மெடிச்சிகளுக்கு முன் பாற்சி என்னும் வங்கிக் குடும்பத்தார் நின்றனர். பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் 1474ஆம் ஆண்டில் தம் கணக்கை மெடிச்சிகளிடமிருந்து எடுத்துப் பாற்சிகளிடம் கொடுத்தார். 1477ஆம் ஆண்டிற் புளோரன்சிலே, தந்தை சொத்து மகளைவிட அவன் உடன்பிறந்தாரின் ஆண்மக்களுக்கே சேரும்வகையிற் சட்டமொன்று நிறைவேறியது. அதனாற் பாற்சிக் குடும்பத்து மருமகள் ஒருத்திக்கு வரவேண்டிய பெருஞ்சொத்துக் கைநழுவியது. சட்டத்தால் இழந்ததைப் பாற்சிகள் குத்துவாளால் மீட்க எண்ணினர். 1478ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் நாள், பேராலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது லொரென்சோவின் தம்பி ஜுலியானோ வெட்டிக் கொல்லப்பட்டான். லொரென்சோ கழுத்திற் காயத்துடன் உயிர் தப்பினான். சதிகாரர் தூக்கிலிடப்பட்டனர், பாற்சிகளின் சொத்துப் பறிமுதலாயிற்று, அவர் குடும்பச் சின்னம் நகரிலிருந்து அழிக்கப்பட்டது.

இதற்கிடையே வங்கி தளர்ந்துவந்தது. அரசியலில் மூழ்கிய லொரென்சோ கிளைகளின் கணக்கைக் கூர்ந்து நோக்கவில்லை. புரூச் நகர்க் கிளை பர்கண்டிக் கோமகன் துணிவுமிக்க சார்ள்சுக்கும், இலண்டன் கிளை நான்காம் எட்வேட் மன்னனுக்கும் அளவிறந்த கடன் கொடுத்து நட்டமடைந்தன. பார்டியும் பெரூசியும் விழுந்த குழியிலேயே மெடிச்சியும் விழுந்தது. முன்னோர் அரசுக்குக் கடன் கொடுத்துச் செல்வாக்குப் பெற்றனர். லொரென்சோவோ அரசின் பணத்தால் தன் செலவை ஈடுசெய்யும் நிலைக்கு வந்தான். அவன் இறந்தபின் அமைந்த அரசு 1495ஆம் ஆண்டில் நடத்திய விசாரணையில், சட்டத்தின் இசைவின்றிப் பொதுக்கருவூலத்திலிருந்து மெடிச்சிகளுக்குச் சென்ற தொகை 74,948 புளோரின் என்று கணக்கிடப்பட்டது. செல்வத்தைக் காக்க ஆட்சி என்று தொடங்கிய கதை, ஆட்சியைக் காக்கப் பொதுச்செல்வம் என்று முடிந்தது.

லொரென்சோ 1492ஆம் ஆண்டில் நாற்பத்துமூன்றாம் வயதில் மறைந்தான். இரண்டு ஆண்டு கழிந்து, பிரான்சு மன்னன் எட்டாம் சார்ள்ஸ் படையெடுத்து வந்தபோது, லொரென்சோவின் மகன் பியேரோ மன்றத்தைக் கேளாமலே கோட்டைகளை அவனுக்கு விட்டுக்கொடுத்தான். வெகுண்டெழுந்த நகரமக்கள் 1494ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் மெடிச்சிகளைத் துரத்தினர். மாளிகை சூறையாடப்பட்டது, வங்கி அத்துடன் முடிவுற்றது. மாளிகையில் இருந்த, கொடுங்கோலன் தலையைக் கொய்யும் யூதித்து என்பவளின் வெண்கலச் சிலையைக் குடியரசு எடுத்து, 1495ஆம் ஆண்டில் ஆட்சி மாளிகை வாயிலிற் பொதுநலத்தின் எடுத்துக்காட்டாக நிறுவியது. தொனத்தெல்லோ என்னும் சிற்பி அதனை வடித்தது மெடிச்சிகளுக்காகவே.

பின்னர் 1512ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் அயலார் படைபலத்துடன் மீண்டனர். அவருள் இருவர் பாப்பரசராயினர். 1532ஆம் ஆண்டிற் குடியரசு மறைந்து மெடிச்சிகள் வெளிப்படையாகவே கோமகன்களாயினர். 1737ஆம் ஆண்டில் ஆண்வழி அற்றுப்போகும்வரை அவ்வாட்சி நீடித்தது. ஆயினும் அவர்களை உயர்த்திய வங்கி மீண்டும் திறக்கப்படவேயில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் விடை யாது? செல்வரை ஆட்சியின்பாற் செலுத்துவன பல. நற்பெயர் வேட்கை உண்டு. மனச்சான்றின் உறுத்தல் உண்டு. சார்ந்தோரைத் தாங்கவேண்டிய கட்டாயம் உண்டு. மேன்மேலும் ஈட்டும் ஆசையும் உண்டு. எனினும் மெடிச்சிகளின் கதையில் இவையனைத்துக்கும் முற்பட்டு நிற்பது இழந்துவிடுவோம் என்னும் அச்சமே. ஜியோவானியின் காலத்தில் ஆசை குறைவாயிருக்கவில்லை; அச்சம் கோபுரச் சிறையளவுக்கு வளர்ந்திருக்கவில்லை என்பதே வேறுபாடு.

அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆனால் கொசிமோ அதற்குக் கண்ட மருந்து நோயை நகர் முழுவதும் பரப்பியது. வரிமுறை நேர்மையாக நடந்திருந்தால், மன்றம் கட்சி நோக்காது நீதி வழங்கியிருந்தால், பல்லா தன் நூல்களோடு தன் வீட்டிலேயே இறந்திருப்பான். மனெத்தி ஊரைவிட்டுப் போயிரான். பாற்சிகள் வாளெடுக்கக் காரணம் ஒன்று குறைந்திருக்கும். ஒருவன் தன் செல்வத்துக்கு ஆட்சியை வேலியாக்கியபோது, மற்றையோர் அனைவரும் வேலியற்றவராயினர். இறுதியில் அவ்வேலியே பயிரையும் மேய்ந்தது. செல்வர் ஆட்சியை நாடுதலைப் பழித்தலால் மட்டும் ஒரு நாடு நலம் பெறாது. செல்வனும் வறியவனும் ஆட்சியின் தயவை நாடாமலே தத்தமக்குரியதை அச்சமின்றி அநுபவிக்கத்தக்க சட்டம் அங்கே நிலவவேண்டும். அத்தகைய சட்டம் நிலவும் நாட்டிலும் செல்வர் பதவிக்கு வரலாம். ஆனால் ஏன் வருகின்றீர் என்று அவரைக் குடிகள் கேட்கலாம், விடையும் பெறலாம். புளோரன்சு மக்கள் அவ்வினாவை அறுபது ஆண்டு கேளாதிருந்தனர். கேட்டபோது கருவூலம் வெறுமையாயிருந்தது.